இடப்பக்கம் சுற்றும் மாடிப்படி

என் அக்கா வீட்டுக்கு மாடி கிடையாது. மாடிப்படி உண்டு.

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அப்ப அந்தப் படி எங்கதான் போகுது?" நான் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். எது எங்கே போகும், எங்கே நிற்கும், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கேயும் போகாத ஒன்றுக்கு விளக்கம் சொல்லச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று வரும். "அவகிட்டயே கேட்டுக்குங்க" என்று கையைக் காட்டிவிடுவேன். அக்காவுக்குக் கோபமே வராது. "மேலதான் போகுது" என்பாள், வேறென்ன சொல்ல இருக்கிறது என்பது போல.

வீட்டின் பக்கவாட்டில், குளியலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம். அங்கேதான் அந்த இரும்புப் படி தன்னந்தனியாக நின்றது. நடுவில் ஒரு தூண், தூணைச் சுற்றிச் சுற்றி விசிறி மடிப்பாகப் படிகள், வெளிப்புறம் வளைந்து வளைந்து ஏறும் கைப்பிடி. தகரக் கூரையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஏறி, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு மேடையோடு சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்புறம் காற்று.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் மாமா ஒரு இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படி எல்லாம் செய்கிற பட்டறை. மாமா இடது கைக்காரர். சாப்பிடுவதைத் தவிர எல்லாமே இடது கைதான். சாப்பாட்டுக்கு வலது கை வருவதும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான். அந்தப் பட்டறையில் சுழல் படி செய்தால் ஏறும்போது வலப்பக்கமாகச் சுற்றும்படிதான் செய்வார்கள். எல்லா ஊரிலும் பெரும்பாலும் அப்படித்தானாம். அன்று முதலாளி வெளியூர் போயிருந்தார். மாமா தன் கைக்குத் தோதாக நின்றுகொண்டு, ஒவ்வொரு படியையும் தூணில் வைத்துப் பற்றவைத்துக்கொண்டே போனார். வேலை அவ்வளவு சுத்தம். ஒரு பற்றில்கூடப் பிசிறு கிடையாது. ஆனால் முழுப் படியும் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நின்றது.

ஆர்டர் கொடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினால், கடைசிப் படி வாசலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது. "நான் என்ன, தினம் ஏறிப் போய் சுவத்துல முட்டிக்கணுமா?" என்று அவர் கத்தினார். முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, "நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஏறி எறங்கி வெளையாடு" என்று சொல்லிவிட்டார். மாமாவும் ரோஷக்காரர். அன்றைக்கே சின்ன லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் இறங்கினார்.

அக்கா வாசலில் நின்று பார்த்தாளாம். "என்னங்க இது?"

"படி."

"எதுக்கு?"

"மாடிக்குத்தான். படி வந்துடுச்சு பாரு, மாடி பின்னாலயே வரும்."

அந்த மாடி இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. எங்கள் பேருந்து நிலையத்தில்கூட அவ்வளவு தாமதத்தை யாரும் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். முதலில் மகள் பிறந்தாள். பிறகு கூரை ஒழுகியது. பிறகு மாமாவின் கண். பற்றவைக்கும் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பார்வை மங்கி, இனி நெருப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணைக் காட்டப் போன மருத்துவமனையிலேயே மாமாவுக்கு லிப்ட் இயக்குகிற வேலை கிடைத்தது. ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மின்விசிறி, வருகிறவர்களிடம் "எத்தனாவது மாடி?" என்ற ஒரே கேள்வி. "நாள் பூரா எல்லாரையும் மாடிக்குக் கூட்டிட்டுப் போறேன், என் பொண்டாட்டியத் தவிர" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தெருவில் அக்காவுக்கு வைத்த பெயர் மாடிவீட்டம்மா. கேலிக்கு வைத்ததுதான், ஆனால் அக்கா அதைப் பட்டம் வாங்கினவள் போல ஏற்றுக்கொண்டாள். காய்கறிக் கடைக்காரர் "என்ன மாடிவீட்டம்மா, காத்து நல்லா வருதா?" என்றால், "வரும், வாடகைதான் ஜாஸ்தி" என்பாள்.

அக்கா வேலை செய்வது ஒரு சலவைக் கடையில். வருகிற துணிக்கெல்லாம் உட்புறம் எண் எழுதிய சின்னத் துண்டைக் குத்த வேண்டும். அதற்கு முன்னால் பைகளைத் துழாவி, மறந்துபோனதையெல்லாம் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். சாவி, பாதி தின்ற மிட்டாய், ஒற்றைக் கம்மல், பேருந்துச் சீட்டு. மற்றவர்கள் எடுத்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அக்கா அதை வைத்து ஒரு குடும்பத்தையே உருவாக்கிவிடுவாள். "இந்தக் கோட்டுக்காரர் யாரையோ பார்க்கப் போயிருக்காரு, பார்க்காமலே திரும்பி வந்துட்டாரு" என்பாள். "உனக்கு யாரு வந்து சொன்னா?" என்று கேட்டால், "போன சீட்டும் வந்த சீட்டும் அடுத்தடுத்த பஸ்ஸுல இருக்கே. அவ்வளவு தூரம் போனவரு வாசல்ல நின்னுட்டு வந்திருக்காரு, பாவம்" என்பாள். நாள் முழுக்க இப்படி ஊரார் துணிக்குள் கனவு கண்டுகொண்டிருந்துவிட்டு, வெளிச்சம் சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வருவாள்.

வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும். அறையில் டிவி, டிவிக்கு எதிரில் மாமா, ஒரே மேஜையில் படிக்கும் மகள். மகள் டிவியைக் குறைக்கச் சொல்வாள். மாமா அவள் வாய்விட்டுப் படிப்பதைக் குறைக்கச் சொல்வார். இரண்டு பேரும் சேர்ந்து சமையலறையில் பாத்திரச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அக்கா பையை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு படியேறிவிடுவாள். உச்சி மேடையில் உட்கார்ந்தால் யாரும் எதையும் குறைக்கச் சொல்லமாட்டார்கள். சுற்றிலும் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், யாரோ எடுக்க மறந்த துணி, தூரத்தில் ஒரு கோடாக ஆறு. வெளிச்சம் போகப் போக அந்தக் கோடு மட்டும் கடைசிவரை வெளுப்பாகத் தெரியும். கீழேயிருந்து மகள் "அம்மா, எங்க இருக்க?" என்று கூப்பிட்டால், "மாடியில இருக்கேன்!" என்று பதில் வரும்.

ஒருநாள் ஏதோ கேட்பதற்காக நானும் ஏறினேன். மேடைக்கு ஒரு படி கீழே நிற்கும்போது அக்கா சொன்னாள்: "செருப்பை அங்கயே விட்டுட்டு வா."

"ஏன்?"

"வீட்டுக்குள்ள செருப்போட வருவாங்களா?"

விளையாட்டு என்று நினைத்துத்தான் கழற்றினேன். ஆனால் அவள் விளையாடவில்லை. அந்தக் காற்றுக்குள் அவள் ஒரு அறையையே கட்டி வைத்திருந்தாள். ஆற்றைப் பார்த்து ஜன்னல். ஜன்னலோரம் கட்டில். "இந்தப் பக்கம் போடக் கூடாது, காலையில வெயில் மூஞ்சில அடிக்கும்." மூலையில் ஒரு சின்ன மேஜை. மேஜையில் என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல. அதான் அழகு" என்றாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அந்தச் சுவர்கள் லேசாகத் தெரிய ஆரம்பித்தன. கையை நீட்டினால் ஜன்னல் கம்பி படும் என்று தோன்றியது. இறங்கி வரும்போது, எனக்கென்ன பைத்தியமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. இந்த உலகத்தில் அக்காவுக்கென்று தனியாக இருப்பது அந்த இடம் ஒன்றுதான். அது போனால் அவளுக்கு உட்கார வேறு இடம் இல்லை.

இப்படிப்பட்டவள்தான் அதை ஏலத்தில் போட்டாள்.

சலவைக் கடையில் எல்லோருடைய போனிலும் ஒரு ஏல ஆப் இருந்தது. பழைய சாமானைப் போட்டோ எடுத்துப் போட்டால் ஆளாளுக்கு விலை கேட்பார்கள். கெடு முடியும்போது அதிகம் கேட்டவருக்குப் பொருள். மற்றவர்கள் வாங்குவதற்குப் பார்ப்பார்கள். அக்கா கதை படிப்பது போலப் படிப்பாள். 'மிக நல்ல நிலை' என்று போட்ட நாற்காலிக்கு மூன்று கால்தான் இருக்கும். 'அதிகம் பயன்படுத்தாத' உடற்பயிற்சி வண்டியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். அவளுக்கும் கை அரித்தது. ஒரு விடுமுறை நாளில் என்னைப் படியைப் போட்டோ எடுக்கச் சொல்லி, 'மாடிவீட்டம்மா' என்ற பெயரில், தெருவையும் போட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள்:

'எங்கும் போகாத மாடிப்படி விற்பனைக்கு. இரும்பு. உறுதியானது. போய்ச் சேரும் இடம் மட்டும் இல்லை. அதை வாங்குபவர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மழை இலவசம். மாலை வெளிச்சம் தினமும் வந்து போகும். உச்சியில் ஒரு காகம் வந்து உட்காரும், அதற்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கமாட்டோம். ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்ததுதான்.'

நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமா எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு மறுபடி சிரித்தோம்.

முதலில் பதிலெல்லாம் சிரிப்புப் பொம்மைகளாகத்தான் வந்தன. அப்புறம் ஒருவர் ஒரு டீயின் விலைக்குக் கேட்டார். இன்னொருவர் இரண்டு டீ. காகமும் சேர்த்தா என்று ஒரு பெண் கேட்டாள். அதுவரை எல்லாம் அரட்டைதான். அப்புறம் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் நிஜமான விலை ஒன்றைப் போட்டார். அதற்கு மேலே, புதிதாகக் காபிக் கடை திறக்கப்போகும் ஒரு அம்மா கேட்டார். அவருக்கு மேலே ஸ்டூடியோக்காரர். கேட்கிற விலை ஏற ஏற அக்காவின் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. "இவங்களுக்கெல்லாம் என்னடி ஆச்சு? வெளையாட்டுன்னு தெரியலையா?" என்றாள்.

நடுவில் 'கண்டக்டர்' என்ற பெயரில் ஒருவர். அவர் விலையே ரொம்ப உயரவில்லை. ஆனால் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்: 'போட்டோவில் சரியாகத் தெரியவில்லை. படி எந்தப் பக்கம் சுற்றும்?' அக்கா, 'உங்களுக்குத் தலை எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம்' என்று பதில் போட்டாள். அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. 'தயவுசெய்து சரியாகச் சொல்லுங்கள் அம்மா' என்று எழுதியிருந்தார். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மாமாவுக்கு விஷயம் லிப்டில் போய்ச் சேர்ந்தது. அங்கே ஏறின ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸுக்குப் போனைக் காட்டி, 'இந்தக் கூத்தைப் பாரேன்' என்று படித்துக் காட்டியிருக்கிறாள். லிப்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமா எட்டிப் பார்த்தார். கண் மங்கலாக இருந்தால் என்ன, தான் பற்றவைத்த படி தனக்குத் தெரியாதா? 'ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்ததுதான்' என்ற வரியில் எல்லோரும் இன்னொரு தடவை சிரித்தார்கள். மாமா யாரையோ தப்பான மாடியில் இறக்கிவிட்டுவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் டிவியைப் போடவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன்.

"வெளையாட்டுக்குப் போட்டதுங்க" என்றாள் அக்கா.

"என் வேலை உனக்கு வெளையாட்டாப் போச்சு."

"உங்க வேலையச் சொல்லலீங்க..."

"வேற எதைச் சொன்ன? திரும்பி வந்தது யாரு? படி மட்டுமா வந்துச்சு? நானும்தானே அது கூடவே வந்தேன்?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வித்துடு. எவன் அதிகமாக் கேக்குறானோ அவனுக்குக் குடுத்துடு. மாடியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

அக்கா என்ன சொல்வாள்? எனக்கு உட்கார வேறு இடம் இல்லை என்றா? அப்படி ஒரு இடம் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் பேச்சு 'ம்', 'சரி' என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். ஒருத்தருக்கு ரோஷம், இன்னொருத்திக்குக் கூச்சம், நடுவில் படி.

முதலில் பார்க்க வந்தவர் காபிக் கடை அம்மா. நல்ல மாதிரிதான். படியைச் சுற்றி வந்து கைதட்டினார். "பாதியில வெட்டிடலாம். பிங்க் பெயிண்ட். ஒவ்வொரு படியிலயும் ஒரு பூந்தொட்டி."

"பூந்தொட்டி வச்சா எப்படி ஏறுவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஏறவா? யாரும்மா ஏறப்போறா? பார்க்க அழகா இருந்தாப் போதும்."

அவர் போனதும் அக்கா மேலே போய் உட்கார்ந்தாள். டீகூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

மறுநாள் சாயங்காலம், அழைக்காமலே கண்டக்டர் வந்தார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். ஒல்லியான ஆள், தோளில் இன்னும் பை தொங்குவது போலக் கொஞ்சம் சாய்ந்த நடை. எங்கள் பேருந்து நிலையத்தில் பார்த்த முகமாகவும் இருந்தது. தெருக்காரர்களிடம் மாடிவீட்டம்மா வீடு என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே வழிகாட்டினார்களாம். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவர் எங்களைப் பார்க்கவே இல்லை. படியைப் பார்த்தார். அண்ணாந்து, அது சுற்றிக்கொண்டு போகிற வழியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து, உச்சி வரை போனார்.

"இடப்பக்கம்" என்றார், மெதுவாக.

"ஆமா சார்" என்றேன் நான். "தப்பாப் போச்சு அது."

அவர் வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். இடது கையால் நடுத்தூணைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். ஒரு காலை வைத்து, இன்னொரு காலை அதே படிக்கு இழுத்து, மறுபடி ஒரு கால். நல்லா இருக்கிற மனுஷன் ஏன் இப்படி இழுத்து இழுத்து ஏறுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மேடை வரை போய்த் திரும்பினார். இப்போது வெளிக் கைப்பிடி அவருடைய இடது கைக்கு வந்தது. அதை இறுகப் பிடித்து, அதே மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினார். வலது கை பையைவிட்டு வெளியே வரவே இல்லை. கீழே வந்து நின்று, மறுபடி ஏறினார். மறுபடி இறங்கினார். பைத்தியம் என்று முடிவு கட்டி, அக்காவின் கையைக் கிள்ளினேன். அக்கா அசையவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊரார் பைகளைத் துழாவுகிறவள் அல்லவா?

"வீட்ல அவங்களுக்கு வலது கை வராதா சார்?" என்று கேட்டாள்.

கண்டக்டர் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கையும் வராது, காலும் பாதிதாம்மா" என்றார். அவருக்குச் சொந்தமாக இருப்பது மேல்வீடு மட்டும். கீழே கடை, வேறு ஆளுக்குச் சொந்தம். பக்கத்துச் சுவருக்கு இடையில் இருக்கிற சந்தில் சுழல் படிதான் போட முடியும். இருக்கிற படி எல்லாப் படியையும் போல வலப்பக்கம் சுற்றுவது. "ஏறும்போது பிரச்சினை இல்ல. எறங்கும்போது கைப்பிடி வலது கைக்கு வருது. அவளுக்கு அந்தக் கையே இல்லாத மாதிரி. இடது பக்கம் நடுத்தூண். அங்க படி குறுகலு, கால் வழுக்குது. ஒருவாட்டி வழுக்கி, நான் பிடிச்சேன். அப்புறம் நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போனோம். 'என்னைக் கட்டில் மேஜை மாதிரி தூக்காதீங்க, நான் எறங்கவே மாட்டேன்'னு சொல்லிட்டா. சொன்ன மாதிரியே எறங்கல. ஜன்னல்தான். போற மாடு, போற வண்டி, மழை, எல்லாம் ஜன்னல்தான்."

"பட்டறையில செய்யச் சொல்லலையா சார்?"

"எல்லாப் பட்டறையும் கேட்டாச்சு. இப்ப எல்லாம் வார்ப்புல வருதாம், எல்லாம் ஒரே பக்கம். தனியாச் செய்யணும்னா என் சக்திக்கு மேல. அந்தக் காபிக் கடைக்காரம்மா அளவுக்கு நான் கேக்க முடியாது. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா ஒருவாட்டி பார்த்துட்டாவது போலாம்னு வந்தேன்."

மாமா எப்போது வந்து சமையலறைக் கதவருகே நின்றார் என்று தெரியவில்லை. முழுவதையும் கேட்டிருந்தார். படி அருகில் வந்து, பார்வை தேவைப்படாதவர் போல, தூணைத் தடவி ஒரு பற்றின் மேல் விரலை வைத்தார்.

"இதை நான்தான் செஞ்சேன்" என்றார்.

"இடது கைக்காரரா நீங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

மாமா தலையாட்டினார். அவருடைய முகத்தில் அப்போது இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அத்தனை வருஷம் தன்னைப் பார்த்துச் சிரித்த ஒன்று, திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பேசினால் எப்படி இருக்கும்? இப்போது எடுத்துட்டுப் போங்க என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ரோஷமும் தீரும், பெருமையும் கிடைக்கும். ஆனால் அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அவளைத்தான் கேக்கணும் சார்" என்றார். "நான் படிதான் செஞ்சேன். அங்க மேல இருக்கிற மாடி அவளோடது."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் நிரம்பிவிட்டது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இத்தனை காலமும், மேலே ஒருத்தி ஜன்னல் வைத்துக்கொண்டும் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டும் இருந்தது இந்த மனுஷனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அப்படியானால் அன்று வித்துடு என்று சொன்னதும் தெரிந்தேதான். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"கொஞ்சம் இருங்க சார், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா படியேறினாள்.

நான் பின்னாலேயே போனேன். மேடைக்கு ஒரு படி கீழே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஆறு வெளுத்துக் கிடந்தது. வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.

"குடுக்காதக்கா" என்றேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது, மறைப்பானேன். "உனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அவரு வேற எங்கயாவது பார்த்துக்குவாரு."

"எனக்கு அழுகையா வருதுடி. குடுக்கவே மனசு இல்ல" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "ஆனா பாரேன். அந்தம்மாவுக்கு மாடி இருக்கு, படி இல்ல. எனக்குப் படி இருக்கு, மாடி இல்ல. இதுக்கு மேல நான் இங்க உக்காந்தா, அந்தம்மா கட்டில் மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்."

கிளம்பும்போது மேடையைக் கையால் ஒரு தடவை துடைத்தாள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் துடைப்பது போல.

ஏலத்தை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டு, கண்டக்டர் கேட்டிருந்த விலைக்கே படியைக் கொடுத்தாள். அதைக் கழற்றிக் கொண்டுபோன அன்று அக்கா வேலைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் சாயங்காலத்தில் டம்ளரோடு வெளியே வருவாள். காலி இடத்தில் வட்டமாகத் துருக்கறை மட்டும் இருக்கும். அதைத் தாண்டாமல், அதன் ஓரத்தில் நின்றே டீயைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். காகம் வந்து, உட்கார இடம் காணாமல், கூரை மேல் தத்தித் திரிந்தது. மகள்கூட "அம்மா, எங்க இருக்க?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். எங்கே இருப்பாள், கீழேதான். மாமா தினமும் டிவியை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

படியை நிறுத்தி, சிமெண்ட் இறுகியதும், வந்து பார்க்கச் சொல்லி கண்டக்டர் கூப்பிட்டார். மூன்று பேரும் போனோம். கடைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அதற்குள் எங்கள் படி, அங்கேயே முளைத்தது போல நின்றது. கடைசிப் படி சுவரைப் பார்க்கவில்லை. நேராக ஒரு கதவைப் பார்த்தது. மாமா அடித்தூணைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

மேலே கதவைத் திறந்துகொண்டு அந்த அம்மா வந்தார். கண்டக்டர் அவருக்கு முன்னால், இரண்டு படி கீழே, முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டு பின்னோக்கியே இறங்கினார். தொடவில்லை. தொடக் கூடாது என்று உத்தரவாம். அந்த அம்மா இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு கால், இன்னொரு கால், அதே படியில் இரண்டும் சேர்ந்து ஒரு மூச்சு. "அவசரமில்ல, நிறுத்தம் வந்தாச் சொல்றேன்" என்றார் கண்டக்டர். "நீங்க பேசாம வாங்க, எனக்கு எண்ணிக்கை தப்புது" என்று அந்த அம்மா அதட்டினார். கடைசிப் படியை விட்டுத் தரையில் கால் வைத்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல், ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு, சந்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவுக்குப் போய்விட்டார். கண்டக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அக்காவைக் காணோம்.

படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். கதவு திறந்தே கிடந்தது. மேடைக்கு ஒரு படி கீழே அவளுடைய செருப்பு, ஜோடியாக.

நானும் மாமாவும் காத்திருந்தோம். வெளிச்சம் மெல்லச் சாய்ந்தது. மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அங்கே கட்டில் எந்தப் பக்கம் கிடக்கிறது, வெயில் முகத்தில் அடிக்குமா, மேஜை மேல் என்ன இருக்கிறது என்றெல்லாம் நானாக நினைத்துக்கொண்டேன். பிறகு எனக்குச் சங்கடமாகிவிட்டது. அடுத்தவர் வீடு, ஆள் இல்லாத நேரம்.

"அக்கா!" என்று குரல் கொடுத்தேன். "எங்க இருக்க?"

"மாடியில இருக்கேன்!"

மாமா தூணைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"சரி, எறங்கி வாக்கா, நேரமாச்சு" என்று மறுபடி கூப்பிட வாயெடுத்தபோது, தெருவிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. எதிர்க் கடை வாசலில் ஒரு நாற்காலியைப் பிடித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விடும்மா, இருக்கட்டும்" என்றார். "நானே இப்பத்தான் கீழ வந்திருக்கேன். எனக்கும் அவசரம் இல்ல."